மரத்தின் மேற்பூச்சு: அரக்கும் வண்ணமும் மெழுகும்

கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயிலைக் காணச் செல்வோர் பலர்; அக்கோயிலுக்குத் தென்மேற்கே சிறிது தொலைவிலுள்ள மாளிகைமேட்டை எட்டிப் பார்ப்போர் சிலர். தச்சு மரபினராகிய நம்மவர் கோயிலைத் தொழுதபின் அவசியம் சென்று காணவேண்டிய இடம் அம்மேடேயாகும். முதலாம் இராசேந்திர சோழனது அரண்மனை இருந்த நிலம் அது. தமிழ்நாடு தொல்லியல் துறையினர் 1980-81ஆம் ஆண்டு தொடங்கிப் பல தடவை அங்கு அகழ்ந்து, சுட்ட செங்கற்சுவர்களையும், கூரை ஓடுகளையும், இரும்பாணிகளையும், பற்றிரும்புகளையும் வெளிக்கொணர்ந்தனர். மரத்தூண்களைத் தாங்கியவை என அறிஞர் கொள்ளும் கருங்கல் அடிகளும் கிடைத்தன. ஆணி இருக்கிறது, ஆணி தைத்த மரம் இல்லை. அடிக்கல் இருக்கிறது; அதன்மேல் நின்ற தூண் இல்லை.

சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசுக்குத் தலைநகராய் விளங்கிய ஊர், அவ்வரசு வீழ்ந்தபின் சிறு கிராமமாய்ச் சுருங்கிற்று. அரண்மனைச் செங்கல்லை அயலார் வீடு கட்டத் தோண்டிக்கொண்டு போயினர். 1836ஆம் ஆண்டில் கொள்ளிடத்துக்குக் கீழணை கட்டியபோது கோயில் மதிலின் கருங்கற்களும் அவ்வேலைக்குச் சென்றன. தச்சன் கைவேலையைக் கொண்டுபோக ஒருவரும் வண்டி பூட்டவேண்டியிருக்கவில்லை. கரையானும் மழையுமே அக்காரியத்தைச் செய்து முடித்தன.

ஆயினும், அவ்வரண்மனைச் சாமான்களுள் ஒன்றன் பெயர் மட்டும் நமக்கு எஞ்சியுள்ளது. வீரராசேந்திரன் காலத்துச் சாசனம் ஒன்று அம்மாளிகையைச் ‘சோழகேரளன் திருமாளிகை’ எனக் குறிக்கின்றது. அதன் ஆதிபூமியையும் கீழைச் சோபானத்தையும் சொல்லி, அரசன் வீற்றிருந்த ஆசனத்தின் பெயர் ‘மாவலி வாணாதிராஜன்’ என்றும் கூறுகின்றது. யானைக்கும் வாளுக்கும் பெயரிடும் வழக்கத்தை நாம் கேட்டிருக்கின்றோம். உட்காரும் இருக்கைக்கும் ஒரு சிற்றரசன் பட்டத்தைப் பெயராகச் சூட்டினரெனின், அந்நாளில் சாமானுக்கிருந்த கௌரவம் இன்னதென விளங்கும். தஞ்சையில் இராசராசன் தன் கோயிற் சுவரிலேயே ‘வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன்’ எனத் தச்சனது பெயரைப் பொறிப்பித்தான். அப்பெருந்தச்சன் பெயரும் இவ்வாசனத்தின் பெயரும் கல்லில் ஏறியமையாலேயே பிழைத்தன என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வளவும் முன்னுரையாகக் கூறியதற்குக் காரணமுண்டு. மரம் தானாகப் பிழைப்பதன்று. அதன்மேல் இடும் பூச்சினாலேயே பிழைப்பது. இக்காலத்தில் பாட்டனார் வீட்டுப் பெட்டகம், ஊஞ்சற்பலகை, நிலைக்கதவு, கணக்கு எழுதும் சாய்வுமேசை ஆகியவை பேரன்மார் கைக்கு வரும்போது மூன்றிலொரு கதி அவற்றுக்கு நேர்கின்றது. ஒன்று, பழஞ்சாமான் வியாபாரியிடம் எடைக்கு எடை போகின்றன. இரண்டு, பளபளக்கும் எனாமல் பெயிண்டு அவற்றின்மேல் அப்பப்படுகின்றது. மூன்று, இயந்திரத்தாற் சுரண்டி வெள்ளையெலும்பு தெரியுமட்டும் உரிக்கப்படுகின்றன. நம் முன்னோர் மரத்துக்கு என்னென்ன பூசினர், ஏன் பூசினர் என்று அறிந்தோர் இம்மூன்றனுள் எதனையும் அவசரப்பட்டுச் செய்யார். அவ்வரலாற்றையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையை இலக்கியமாகப் படித்தோர் பலர். அதனைத் தச்சன் கண்கொண்டு படித்தால் அஃது ஒரு தொழிற்குறிப்பாகவும் காணப்படும். அங்கே வரும் அரண்மனைக் கதவு, பருத்த இரும்பாற் பிணிக்கப்பெற்றுச் செவ்வரக்குப் பூசப்பெற்றது. அதன் நெடுநிலைக்கு வெண்சிறுகடுகை அப்பி நெய் பூசியிருந்தனர். உள்ளே அரசியின் கட்டில் யானைத் தந்தத்தால் இழைக்கப்பட்டது. அக்கட்டிலின் திரண்ட கால்களுக்கு நுண்ணிய குழம்பு வழிக்கப்பட்டிருந்தது. மேலே கட்டிய விதானத் துணியோ மெழுகு ஏற்றப்பெற்று, அம்மெழுகின்மேல் இராசிமண்டலமும் திங்களும் உரோகிணியும் எழுதப்பெற்றது. அரக்கு, நெய், குழம்பு, மெழுகு, வண்ணம் ஆகிய ஐந்தும் ஒரே அரண்மனையுள் தத்தம் இடத்தில் நிற்கின்றன. வெயிலும் மழையும் படும் கதவுக்கு அரக்கு. கை படாத விதானத்துக்கு மெழுகும் ஓவியமும். எப்பொருளுக்கு எப்பூச்சு என்னும் பகுத்தறிவு தமிழ்நாட்டில் அன்றே முற்றியிருந்தது.

இவற்றுள் அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி உமிழும் பிசினாகும். கடைசல் பட்டறையிற் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்வின் சூட்டிலேயே அஃது உருகிப் படியும். தாழைமடலால் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களும், மைசூர் நாட்டுச் சென்னபட்டணத்துப் பொம்மைகளும் இம்முறையால் ஆனவை. இலங்கையில் மாத்தளைப் பக்கத்தார் அரக்கை நூல்போல் இழுத்துக் கைந்நகத்தாலேயே மரத்தில் ஒட்டிக் கோலம் செய்வர். ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் அந்நாட்டு அரக்குவேலையை விரித்துரைத்துள்ளார். இதே அரக்கைச் சாராயத்திற் கரைத்துத் துணிப்பந்தால் ஏற்றும் முறை ஐரோப்பாவிற் பரவி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘பிரெஞ்சு பாலிஷ்’ என்னும் பெயருடன் நம்மிடமே திரும்பி வந்தது. நம் சரக்குக்கு அயலார் பெயர்!

இனி மெழுகு. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் சோழர் காலத்துப் போகசக்தி, முருகன் முதலிய செப்புத் திருமேனிகள் உள்ளன. அவை யாவும் முதலில் மெழுகாயிருந்தவை. மெழுகில் உருவம் செய்து, மேலே வண்டல்மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்து, அவ்விடத்தில் உலோகத்தை வார்த்தல் அம்முறை. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் அவ்வாறே செய்கின்றனர். ஈண்டு நாம் கவனிக்கவேண்டுவது அவர்கள் வெறுந் தேன்மெழுகைக் கையாளாமையே. தேன்மெழுகோடு குங்கிலியத்தைக் கூட்டி, சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகின்றனர். தேன்மெழுகு ஏறக்குறைய 63 பாகை செல்சியசில் உருகுவது. அதற்கு வெகுமுன்னரே இளகத் தொடங்குவது. சித்திரை வைகாசியில் 40 பாகைக்கு மேல் காயும் அரியலூர் வெயிலில் வெறும் மெழுகு பிசுபிசுத்துப் புழுதியைப் பற்றும். குங்கிலியம் அதனை இறுக்கும். கன்னாருக்குப் பயன்படும் இச்சேர்க்கை தச்சருக்கும் பயன்படும். ஆங்கிலநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து வெறும் தேன்மெழுகை மேசைக்குத் தேய்த்துவிட்டு, ‘மெழுகு நம் நாட்டுக்கு உதவாது’ என்போர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

மெழுகின் காக்கும் வலிமைக்கு எகிப்து நாட்டிலும் ஒரு சான்று உண்டு. 1922ஆம் ஆண்டில் ஹோவர்டு கார்ட்டர் என்பார் துத்தங்காமன் என்னும் இளம் அரசனது கல்லறையைக் கண்டபோது, மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கட்டில்களும் நாற்காலிகளும் தேர்களும் உள்ளே இருந்தன. தொட்டால் உதிரும் நிலையிலிருந்த பொருள்கள் பலவற்றை அவரும் ஆல்பிரடு லூகாஸ் என்னும் இரசாயன நிபுணரும் பாரபின் மெழுகை உருக்கி ஊற்றியே எடுத்துக் காத்தனர். வறண்ட பாலைநிலம் மரத்தைக் காத்துத் தந்தது. கொள்ளிடக் கரையின் ஈரமோ நமக்கு அவ்வுதவி செய்யவில்லை.

பூச்சு என்பது வெறும் அழகு என நினைப்போருக்கு ஒரு சாசனத்தை நினைவூட்டுகின்றோம். கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்துடன் ஓர் அரசன் வெளியிட்ட ஆணை கருவூரிலும் பேரூரிலும் பொறிக்கப்பட்டுள்ளது. வெங்கால நாட்டுக் கம்மாளர் தம் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லுங்கால் செருப்பு அணியவும், தம் வீடுகளுக்குச் சுண்ணச் சாந்து பூசவும் அது உரிமை அளிக்கின்றது. ஊரார் மாளிகைக்கெல்லாம் மெருகிட்ட கையினர், தம் சொந்தச் சுவருக்குச் சாந்திட அரசாணை பெறவேண்டியிருந்தது. ஒரு பரப்பின்மேல் பூசுவது மானத்தைச் சார்ந்த விஷயமாய் இருந்த காலம் அது.

வீட்டுச் சாமான்களைப் பொறுத்தவரை நம் வரலாறு நீண்டதன்று. தரையிற் பாய் விரித்து அமர்ந்த மக்கள் நாம். மேசை, அலமாரி என்னும் சொற்கள் போர்ச்சுகீசியர் தந்தவை. சாமானும் சொல்லும் ஒரே கப்பலில் வந்தன எனலாம். நாற்காலி ஒன்றே நம் சொல். அதுவும் காலை எண்ணி இட்ட பெயர். செட்டிநாட்டார் பர்மாவிற் பொருளீட்டிய காலத்தில் அந்நாட்டுத் தேக்கு கப்பல் கப்பலாக இறங்கிற்று. அத்தேக்கினாலான தூண்களும் கதவுகளும் பெட்டகங்களும் 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைக்கொண்டபின் செல்வம் குன்றிய வீடுகளிலிருந்து மெல்ல மெல்ல வெளியேறின. காரைக்குடியிற் பழஞ்சாமான் கடைகள் ஒரு தெருவையே நிறைத்தது அவ்வாறுதான்.

கோயில் வாகனங்களின் கதை வேறு. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் நம் தொழிலாளர் பச்சைமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு தேர்ச் சிற்பங்களும் வாகனங்களும் செதுக்குகின்றனர். அவ்வூர் மரச்சிற்பத்துக்கு 2020ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. யாளி, ரிஷபம், குதிரை முதலிய வாகனங்கள் திருவிழாவுக்கும் குடமுழுக்குக்கும் புதுவண்ணம் பெறுவது தொன்றுதொட்ட வழக்கம். அவை தோளிற் சுமக்கப்படுவன, வெயிலிற் காய்வன, மஞ்சள்நீரும் எண்ணெயும் படுவன. அவற்றுக்கு மீண்டும் மீண்டும் வண்ணம் தீட்டுதலைக் குறைகூறுவோரோடு நாம் உடன்படோம். புதுப்பித்தலே அப்பொருளின் வாழ்வு. ஆனால் வீட்டுப் பெட்டகத்துக்கு அந்நியாயம் பொருந்தாது. அதன்மேல் நூறாண்டுகளாகக் கைபட்டு ஏறிய கருமையை மறுபடி ஒரு தச்சனும் உண்டாக்க முடியாது.

ஒரு பூச்சின்கீழ் மற்றொரு பூச்சு மறைந்திருப்பதற்குத் தஞ்சையே சாட்சி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி என்னும் பேராசிரியர் 1931ஆம் ஆண்டிற் பெருவுடையார் கோயிற் கருவறையைச் சூழ்ந்த இருண்ட சுற்றறையில் விளக்குடன் நுழைந்தார். நாயக்கர் காலத்து ஓவியம் உதிர்ந்த இடங்களில், அதன் அடியிற் சோழர் ஓவியம் இருத்தலைக் கண்டார். மேலதைச் சுரண்டிவிட்டுக் கீழதை எடுத்திருக்கலாம், அஃது எளிது. இந்தியத் தொல்லியல் துறையின் இரசாயனப் பகுதியினரோ பின்னாளில் மேற்படலத்தைத் தனியே பெயர்த்து வேறு பலகையிற் பதித்து இரண்டையும் காத்தனர். நாயக்கர் காலத்து ஓவியனும் ஒரு தொழிலாளியே அல்லனோ?

வீட்டுப் பெட்டகத்துக்கு அத்துணைப் பெருமுயற்சி வேண்டா. உப்புத்தாளைக் கையில் எடுக்குமுன் மேற்பூச்சு யாதென அறிந்தாற் போதும். இழுப்பறையின் உட்பக்கம் போன்ற மறைவிடத்தில், பஞ்சை டர்பன்டைனில் நனைத்துத் தேய்க்க வேண்டும். அழுக்கோடு கூடிய படலம் கரைந்து வந்தால் அது மெழுகு. வாராவிடில் ஸ்பிரிட்டில் நனைத்துத் தேய்க்க. பிசுபிசுவென இளகினால் அரக்குப் பாலிஷ். இரண்டுக்கும் அசையாதது எண்ணெய் வண்ணமோ வார்னிஷோ ஆகும். அரக்கும் மெழுகும் இருக்குமிடத்திற் சுரண்டுதல் வீண் வேலை. துடைத்துப் புதிதாய் ஒரு கை ஏற்றினாலே பொருள் பழைய நிலைக்கு வந்துவிடும்.

சுரண்டுவதில் வேறோர் அபாயமும் உண்டு. இதனை நம் பட்டறைக்காரர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். பழைய வெள்ளை வண்ணத்திலும் செந்தூரத்திலும் இருப்பது ஈயம். சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம். அரிதாரத்தில் இருப்பது பாஷாணம். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்னும் விதி 2016ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு, 2017ஆம் ஆண்டு நவம்பர் முதலே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சு எதனையும் ஈயம் கலந்ததாகவே கொண்டு நடத்தல் நலம். உலர்ந்த நிலையில் தேய்த்தாற் பறக்கும் தூள், தேய்ப்பவன் நெஞ்சிலும், அவன் சட்டையோடு வீடு சென்று குழந்தையின் வாயிலும் புகும். ஈயம் சிறுவர் மூளையைத் தாக்குவது. ஆதலின் நீர் தெளித்து ஈரத்திலேயே தேய்க்க வேண்டும். மூக்கை நன்கு மூட வேண்டும். தூளைக் கூட்டிப் பெருக்காது ஈரத்துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். வீட்டிற் கர்ப்பிணியும் குழந்தைகளும் இருந்தால் அவ்வேலையை அங்கே செய்யவே கூடாது.

இனி, இக்காலத்து மேனாட்டார் பெரிதும் விரும்பும் ஒரு முறையைப் பற்றிச் சிறிது கூறுவாம். ஆனி ஸ்லோன் என்னும் ஆங்கில மாது 1990ஆம் ஆண்டில் சீமைச்சுண்ணப் பெயரால் ஒரு வண்ணத்தை ஆக்கி விற்கத் தொடங்கினார். பழஞ்சாமான்மேல் முன்பூச்சின்றியே பற்றிக்கொள்ளும் அவ்வண்ணம் மினுக்கமற்றுச் சுண்ணச்சுவர்போல் உலரும். மேலே மெழுகு தேய்த்து முடிப்பர். இஃது உலகெங்கும் புதுமையெனப் பேசப்பட்டது. தஞ்சாவூர்ப் பலகைப்படம் கண்டோருக்கு இதில் வியப்பு அதிகமில்லை. பலாப்பலகைமேல் துணியை ஒட்டி, சுண்ணத்தூளையும் பசையையும் குழைத்துப் பூசி வழவழப்பாக்கி, அதன்மேலன்றோ நம்மவர் வண்ணமும் பொன்னும் ஏற்றினர்? அன்றியும், சுண்ணத்துக்கும் அரியலூருக்கும் உள்ள உறவு பழையது. அந்நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புக்கல் கடலாயிருந்த காலத்துப் படிவு. அக்காலத்துக்கு நிலநூலார் இட்ட ‘கிரிட்டேசியம்’ என்னும் பெயரே, சீமைச்சுண்ணத்தைக் குறிக்கும் ‘கிரீட்டா’ என்னும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. இன்று அக்கல் சிமெண்டு ஆலைகளுக்குப் போகின்றது.

இவ்வண்ணத்தை எதற்குப் பூசலாம்? தேக்கு, ஈட்டி, நூக்கு இவற்றின் ரேகையை வண்ணத்தால் மூடுதல் நம் அபிப்பிராயத்தில் தகாத காரியம். ஒட்டுப்போட்டதும், பல மரம் கலந்ததும், முன்னரே எனாமலால் கெட்டதுமான சாமானுக்கு அது தகும். பலாவும் ஈட்டியும் தம் சாயத்தை மேலே கசிய விடுவன. வெள்ளை பூசிய மறுநாளே சிவந்த கறை தோன்றும். அரக்குக் கரைசலை முதலில் ஒரு கை ஏற்றிவிட்டால் அக்கறை வாராது. பழைய மெழுகின்மேல் எவ்வண்ணமும் பற்றாதாகையால், அதனை டர்பன்டைனால் முற்றும் துடைத்தல் முதல் வேலை. பிளவுகளை லப்பம் இட்டு அடைத்து, ஆடும் பொருத்துகளைத் திரும்ப இறுக்கியபின்னரே தூரிகையை எடுக்கலாம். பொருத்து ஆடும் நாற்காலிக்கு வண்ணம் பூசுதல், காலொடிந்தவனுக்குச் சந்தனம் பூசுவது போலாம்.

மெழுகு காய்ச்சும் முறை இது. ஒரு பங்கு தேன்மெழுகைச் சீவி, அகன்ற பாத்திரத்துக் கொதிநீரில் வைத்த சிறு கிண்ணத்தில் இட்டு உருக்கவேண்டும். அடுப்பை அணைத்து, கிண்ணத்தை நெருப்புக்கு அப்பால் எடுத்துச் சென்றபின், டர்பன்டைன் மூன்று பங்கு ஊற்றிக் கலக்க வேண்டும். டர்பன்டைன் ஆவி தீப்பற்றுவதாகையால் இதில் அலட்சியம் ஆகாது. குங்கிலியப் பொடியை அந்த டர்பன்டைனிலேயே முன்னாட் கரைத்து வடிகட்டி வைத்துக்கொண்டாற் சிறப்பு. சிறிதளவே போதும், மிகுந்தால் வெடிக்கும். ஆறியபின் வெண்ணெய்போல் இருக்கும் அதனை வேட்டித் துணியால் மெல்லியதாய்த் தேய்த்து, ஒரு நாழிகை விட்டு, வேறு துணியாற் பளபளக்கும்வரை துடைக்கவேண்டும். கனமாய்ப் பூசினால் அழுக்குத்தான் சேரும். மெழுகிட்ட மேசைமேல் காப்பி டவராவைச் சூட்டோடு வைத்தால் வட்டத் தழும்பு விழும். விழுந்தால், அவ்விடத்துக்கு மட்டும் மீண்டும் சிறிது மெழுகு தேய்த்தாற் போதும். எனாமல் பெயர்ந்தால் முழுப்பலகையையும் சுரண்டவேண்டும். மெழுகில் அத்தொல்லை இல்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, அடைமழை தொடங்குமுன் தவறாமல், ஊஞ்சற்பலகையின் அடிப்பக்கத்துக்கும் ஒரு கை தேய்ப்பது நல்லது. ஈரம் ஏறுவது அப்பக்கத்தினின்றுமே.